நான் தண்ணீர் ஊற்றிக் கொன்ற ஆவாரைகள்

எங்கள் வீடு தாராபுரம் பக்கம், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, வானம் பார்த்த காடுகளுக்கு நடுவே இருக்கிறது. மானாவாரி நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம். மேற்கு மலைகளின் மழை நிழலில் விழுந்த பூமி. தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்கு மழையைவிடக் காற்றுதான் அதிகம் வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற ஆடிக்காற்று, எதிர்க்காட்டுச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சமையலறை ஜன்னல் திட்டில் கொட்டிவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பித்தான் மீதி வருடம்.

அதனால் மேற்குப் பக்கம் அறுபதடி நீளத்துக்கு ஓர் உயிர்வேலி வேண்டியிருந்தது. முதலில் செம்பருத்தி வைத்தேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வருடம் சித்திரையில் போர் தண்ணீர் குறைந்து, குடிக்கவும் குளிக்கவுமே அளந்து செலவழிக்கும் நிலை வந்தபோது, செடிகளுக்கு ஊற்ற மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அந்தக் காய்ந்த குச்சிகளை வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், கம்பிக்கு வெளியே ரோட்டோரப் புறம்போக்கில் ஓர் ஆவாரை இடுப்புயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்று பூத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற செடி. போகியன்று காப்புக்கட்ட ஒடித்து வருகிற செடி. அதை வீட்டுக்குள் வைத்து வளர்க்கலாம் என்று அதுவரை ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

இப்போது அந்த அறுபதடியிலும் ஆவாரைதான் நிற்கிறது. ஏழு வருடம் ஆகிறது. ஆனால் முதல் மூன்று முயற்சியும் வீணாகப் போனது. அதைச் சொல்லாமல் வளர்க்கும் முறையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

முதல் முயற்சி, பிடுங்கி நடுவது. புறம்போக்கில் முழங்கால் உயரத்தில் நின்ற நான்கு செடிகளைத் தேர்ந்தெடுத்து, மண்ணை நனைத்து, கடப்பாரையால் சுற்றிலும் நெம்பினேன். ஒன்றரை அடி ஆழம் தோண்டியும் ஆணிவேர் முடிகிறபாடில்லை. பக்கவேர்கள் மிகக் குறைவு. தடித்த வேர் ஒன்று மட்டும் சுக்காங்கல்லுக்கு நடுவே வளைந்து நெளிந்து இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் இழுத்த இழுப்பில் டப்பென்று அறுந்தது. நான்கையும் அப்படித்தான் அறுத்தேன். நட்ட மூன்றாம் நாள் இலைகள் இரவில் மூடிக்கொள்வதுபோலப் பகலிலேயே மூடிக்கொண்டன. பத்து நாளில் சுள்ளியாகிவிட்டன. வளர்ந்த ஆவாரையை இடம் மாற்ற முடியாது. யாராவது முடியும் என்று சொன்னாலும் செடியை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது முயற்சியில் ஒரு நர்சரிக்குப் போய், ஆவாரை வேண்டும் என்று கேட்டு, பன்னிரண்டு நாற்று வாங்கி வந்தேன். அசுர வேகத்தில் வளர்ந்தது. ஒரே வருடத்தில் என் தலைக்கு மேலே போய்விட்டது. ஆவாரை இப்படி மரமாகுமா என்று சந்தேகம் வந்து, செடிகொடி தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டினேன். அது மஞ்சக்கொன்னையாம். தென், மத்திய அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் புகுந்து, கீழே வேறு எதையும் வளரவிடாமல் பரவி, இன்று வனத்துறை அதை வெட்டி எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. ஆவாரைக்கு ஒன்றுவிட்ட உறவுதான், இரண்டுமே தாவரவியலில் சென்னா என்ற பேரினம். பூவும் மஞ்சள். அன்றைக்கே பன்னிரண்டையும் வேரோடு தோண்டி எடுத்தேன்.

அன்றிலிருந்து, நாற்று வாங்குகிற எல்லோரிடமும் நான் சொல்வது, பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள், இலைக்காம்பின் அடியைப் பாருங்கள் என்பதுதான். ஆவாரையில் ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் இடத்தில் பச்சையாக, அகலமாக, காதுமடல் போன்ற ஒரு செதில் இருக்கும். சின்ன நாற்றிலேயே தெரியும். இதன் தாவரவியல் பெயரான சென்னா ஆரிகுலாட்டாவில் ‘ஆரிகுலாட்டா’ என்றால் காதுள்ளது என்று பொருள். லின்னேயஸ் 1753லேயே இந்தக் காதைக் கவனித்துப் பெயர் வைத்துவிட்டார். இன்னொரு அடையாளம்: எதிரெதிராக இருக்கும் ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே, காம்பின் மேல், குத்தூசித் தலை அளவுக்கு ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். அதில் இனிப்பு சுரப்பதால் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காதும் இந்தச் சுரப்பியும் சேர்ந்து இருந்தால் ஆவாரை என்று நம்பி வாங்கலாம்.

மூன்றாவது முயற்சிதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துவது. சரி, விதையிலிருந்தே வளர்ப்போம் என்று முடிவு செய்தேன். பழுத்த காய்கள் பழுப்பு நிறத்தில், காகிதம்போலத் தட்டையாக, தொட்டால் சலசலக்கும். ஒரு காயில் பத்துப் பதினைந்து விதை இருக்கும். அப்படியே நேராக ஊன்றியதில் அந்த மாதம் முளைத்தவை நான்கைந்துதான். விதையின் தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே போவதில்லை. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டுத் தோல் விரிசல் விடும்வரை விதை மண்ணிலேயே கிடக்கும். எல்லாம் ஒரே மழைக்கு முளைத்து ஒரே வறட்சிக்குச் சாகாமல் இருக்க அது வைத்திருக்கிற வழி என்று நினைக்கிறேன். நமக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் தோலைக் கொஞ்சம் உடைத்துக் கொடுக்க வேண்டும். உப்புத்தாளில் விதையின் ஒரு பக்கத்தை, கண் இருக்கும் பக்கம் படாமல், நான்கைந்து தேய்ப்பு தேய்த்தால் போதும். உள்ளே வெளிர் நிறம் எட்டிப் பார்க்கும்போது நிறுத்திவிட வேண்டும். நிறைய விதை இருந்தால் வெந்நீர் முறை எளிது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, விதையின் மேல் ஊற்றி, அப்படியே இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் பார்த்தால் சில விதைகள் ஊறி இரு மடங்கு பருத்திருக்கும், சில கல்லாகவே கிடக்கும். ஊறியதை உடனே ஊன்றிவிட்டு, ஊறாததை மறுபடி ஒருமுறை வெந்நீரில் போடுவேன். இப்படிச் செய்தால் பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முளை வந்துவிடுகிறது.

முளைத்தது வரை எல்லாம் நன்றாக நடந்தது. அப்புறம் நான் செய்த காரியம்: அடிக்கு அடி குழி எடுத்து, மக்கிய எருவும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, நாற்றுகளை வைத்து, தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர். செம்பருத்திக்குச் செய்த அதே உபசாரம். இரண்டு மாதத்தில் இலைகள் தளதளவென்று வந்தன. மூன்றாம் மாதம் அடியிலைகள் மஞ்சளாகின. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று மாலையிலும் ஊற்றினேன். ஒருநாள் ஒரு செடி சாய்ந்து கிடந்தது; தொட்டால் கையோடு வந்துவிட்டது. மண்ணை ஒட்டிய இடத்தில் தோல் கறுத்து, கொழகொழத்து, தேய்த்தால் உரிந்தது. வேர் அரையடிக்குமேல் இறங்கவே இல்லை. மேலேயே எருவும் ஈரமும் கிடைக்கும்போது கீழே போக அதற்கு என்ன அவசியம்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வேலியோரம் ஆடு ஓட்டிக்கொண்டு போகிற ஆத்தா நின்று பார்த்தது. நான் குடத்தோடு நின்றிருந்தேன்.

“ஏங் கண்ணு, ஆவாரைக்கா தண்ணி ஊத்தறே?”

“வாடுதுங்க ஆத்தா.”

“ஊத்தி ஊத்தித்தான் வாடுது. காட்டுல அதுக்கு யாரு குடம் தூக்கறா? ஒரு மாசம் அந்தப் பக்கமே போகாதே சாமி.”

போகாமல் இருந்தேன். இருபதில் ஆறு பிழைத்தன. அந்த ஆறும் இன்று வேலியின் வடக்கு மூலையில் இருக்கின்றன. மற்ற செடிகளை விடக் கொஞ்சம் குட்டை, அடித்தண்டில் ஒரு பழைய தழும்போடு.

அடுத்த வருடம் ஆத்தா சொன்னபடியும், நானே பட்டுத் தெரிந்துகொண்டபடியும் செய்தேன். இன்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். முடிந்தவரை விதையை நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றுங்கள். எங்கள் பக்கம் புரட்டாசிக் கடைசி சரியான நேரம். ஐப்பசி மழை வேரைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். குழி பெரிதாக வேண்டாம். கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு துளை குத்தி, கெட்டிமண்ணை உடைத்துவிட்டு, அதே மண்ணைத் திரும்பப் போட்டு மூடி, மேலே விரல் கணு ஆழத்தில் இரண்டு மூன்று விதை. எரு எதுவும் வேண்டாம். சற்று மேடாக வைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் தேங்காது. முளைத்த பிறகு வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். வேலிக்கு இரண்டரை அடி இடைவெளி விட்டேன். தனிச் செடியாக அழகுக்கு வைப்பதானால் ஐந்தடி விடுங்கள், குடை விரித்த மாதிரி வரும்.

பையில்தான் வளர்க்க வேண்டும் என்றால் உயரமான, ஒடுக்கமான பை வாங்குங்கள். ஆறேழு வாரத்துக்குள், வேர் பையின் அடியில் போய்ச் சுருளுவதற்கு முன்பே நட்டுவிட வேண்டும். நர்சரியில் வருடக்கணக்கில் பையில் நின்ற பெரிய நாற்று பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வேர் சுருண்டிருக்கும். சாண் உயர நாற்றே நல்லது.

முதல் வருடம் மட்டும் பொறுமை வேண்டும். மாசி, பங்குனியில் பார்த்தால் செடி ஒரு சாணுக்குமேல் வளர்ந்திருக்காது. பக்கத்து வீட்டு அக்கா, “இது தேறாதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் சந்தேகம்தான். ஒரு செடிக்குப் பக்கத்தில் பொறுக்க முடியாமல் மெல்லத் தோண்டிப் பார்த்தேன். மேலே ஒரு சாண், கீழே இரண்டடி தாண்டியும் வேர் போய்க்கொண்டிருந்தது. அந்த முதல் கோடைக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, செடியை விட்டு அரையடி தள்ளி, மண் ஆழமாக நனைகிற அளவுக்கு ஊற்றினேன். தினமும் தெளிப்பது மேல்வேரை மட்டும் வளர்க்கும். சுற்றிலும் காய்ந்த சருகு மூடாக்குப் போட்டேன், ஆனால் தண்டைத் தொடாமல் நாலு விரல் விட்டு. இரண்டாவது கோடையில் மாதம் ஒருமுறை. மூன்றாவது வருடத்திலிருந்து மழை தவிர வேறு எதுவும் இல்லை.

நிழல் மட்டும் ஆகவே ஆகாது. வேப்பமரத்துக்குக் கீழே வந்த இரண்டு செடிகள் வெளிச்சத்தைத் தேடிக் கொம்பு கொம்பாக நீண்டு, வருடத்தில் நாலு பூ பூத்துவிட்டு நிற்கின்றன. அதேபோல பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற பக்கமும் வேண்டாம். மண் விஷயத்தில் பெரிய கண்டிப்பு இல்லை: செம்மண், சரளை, சுக்காங்கல் எதிலும் வரும். தண்ணீர் நிற்காத கரிசலிலும் பார்த்திருக்கிறேன். அவரைக் குடும்பத்துச் செடியாயிற்றே, காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணுக்குத் தரும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. சென்னா பேரினச் செடிகளுக்கு அந்தச் சத்தைப் பிடித்துத் தருகிற வேர்முடிச்சுகள் வருவதில்லை. ஆனால் வெட்டிய தழையை மண்ணிலேயே போட்டால் நன்றாக மக்கும். நெல் வயலில் தழையுரமாக ஆவாரை மிதிக்கிற வழக்கம் அந்தக் காலத்திலிருந்தே உண்டு.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூங்கொத்து புதிதாக வரும் கிளைகளின் நுனியில்தான் வருகிறது. வெட்டாமலே விட்டால் நாலைந்து வருடத்தில் அடி மொட்டையாகி, தலையில் மட்டும் தழை நிற்கும். காற்றுத் தடுப்புக்கு அது பயன்படாது. நான் தைப் பூ முடிந்து காய் எடுத்த பிறகு நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கிறேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பருவமழைக்குச் சற்று முன்னால், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். முதல் தடவை அப்படி வெட்டியபோது கை நடுங்கியது. ஒரு மழைக்குப் பிறகு ஒவ்வொரு குச்சியிலும் ஏழெட்டுத் தளிர் வெடித்ததைப் பார்த்ததும்தான் நிம்மதி. முழு வேலியையும் ஒரே நாளில் வெட்டாமல் ஒன்று விட்டு ஒன்றாக வெட்டினால் மறைப்பும் போகாது, பூச்சிகளுக்குப் பூவும் இருக்கும்.

வெட்டி முடித்தால் கத்தரியைத் துடைத்து வையுங்கள். மறந்து விட்டுவிட்டால் மறுநாள் இரும்பு அலகில் மைபோலக் கறை பிடித்திருக்கும். பட்டையில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. தோல் பதனிடுகிறவர்கள் நூற்றாண்டுகளாகத் தேடியது இதே துவர்ப்பைத்தான். சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் ஏறிய பதனிட்ட தோலுக்கு ஆவாரம்பட்டைதான் முதுகெலும்பு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்து இறங்கிய பிறகுதான் அது பின்னுக்குப் போனது. வெட்ட வெட்டத் தழைக்கிற குணம் இல்லாதிருந்தால் அத்தனை பட்டை உரித்தும் இந்தச் செடி நம் காடுகளில் மிஞ்சியிருக்காது.

அடுத்தது புழு. இதைக் கேட்டு எனக்கு வருகிற போன்கள்தான் அதிகம். மழைக்குப் பிறகு தளிர் வந்ததும் இலை மேல் நொய்யரிசி போன்ற வெள்ளை முட்டை நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். சில நாளில் பச்சைப் புழுக்கள், பக்கவாட்டில் கரும்புள்ளி வரிசையோடு. ஒரு செடியை நரம்பு மட்டும் மிஞ்ச மொட்டையடித்துவிடும். நானும் முதல் வருடம் வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன். இப்போது அந்தப் பக்கம் மருந்து எதையும் கொண்டுபோவதில்லை. அவை வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையுமாகத் தோட்டம் முழுக்கப் பறக்கிற வண்ணத்துப்பூச்சிகளின் குழந்தைகள். அவை முட்டையிடுவது ஆவாரை, கொன்றை மாதிரி சில செடிகளில்தான். பத்துப் பதினைந்து நாள் பொறுத்தால் புழு கூட்டுப்புழுவாகிவிடும், செடியும் மறுபடி தழைத்துவிடும். ஏழு வருடத்தில் புழு தின்று செத்த செடி ஒன்றுகூட இல்லை. நாற்று மிகச் சின்னதாக இருந்தால் மட்டும் புழுவை எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுங்கள்.

காலை ஏழு, எட்டு மணிக்குப் பூத்த செடியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு ஒன்று, பட்டுப்போன மரத்தைத் துளைத்துக் குடியிருக்குமே, அது வரும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் வளைந்த குழாய்போன்ற மகரந்தப்பைக்குள் அடைபட்டு, நுனியில் சின்னத் துளையோடு இருக்கும். வண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரம் வேறு, இந்தச் சத்தம் வேறு. இது இன்னும் கீச்சென்று, விட்டுவிட்டுக் கேட்கும். அந்த அதிர்வில்தான் துளை வழியாக மஞ்சள் தூள் அதன் வயிற்றில் தெறிக்கிறது. அதனால் வண்டு கூடு வைத்த பழைய கட்டை ஒன்றிரண்டு தோட்டத்தில் கிடந்தால் எரித்துவிட வேண்டாம். வண்டு வராவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது.

பூவை நாங்கள் நன்றாகவே பயன்படுத்துகிறோம். ரோட்டோரப் பூவில் லாரிப் புகையும் தூசியும் படிந்திருக்கும். சில இடங்களில் களைக்கொல்லியும் அடிக்கிறார்கள். வீட்டுப் பூவில் அந்தப் பயம் இல்லை. காலையில் பறித்து, துணியில் பரப்பி, நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தினால் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி மொறுமொறுவென்று ஆகும். அத்தை அதைப் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்து நலங்கு மாவு செய்வார். தலைக்கு இலையைச் சீயக்காயோடு சேர்ப்போம். டீயும் போட்டுக் குடிப்போம்; இலங்கையில் ரணவரா என்று இதைத்தான் கடைகளில் விற்கிறார்கள். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்ற சொலவடையை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூக் கஷாயத்துக்கு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மட்டும் வேண்டவே வேண்டாம். மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடிப்பதானாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவு இறங்கிவிடக் கூடாது.

தெலங்கானாவில் இதைத் தங்கேடு என்பார்கள். பதுகம்மா பண்டிகைக்கு அடுக்குகிற பூக்களில் இதற்கு முக்கியமான இடம். 2014ல் மாநில மலராகவும் அறிவித்துவிட்டார்கள். நம் பக்கம் சங்கப் பாடல்களில் ஆவிரை என்று வருகிறது, காதல் கைகூடாமல் பனைமடல் குதிரை ஏறுகிறவன் சூடுகிற பூவாக. அவ்வளவு பழைய சொந்தத்தை நாம் மனை பிரிக்கும்போது ஜேசிபியால் வழித்துப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் வெளிநாட்டுச் செடிக்குச் சொட்டுநீர் போடுகிறோம் என்பது எனக்கு வருத்தம்தான். எங்கள் வீட்டைச் சுற்றி இந்த ஏழு வருடத்தில் மூன்று காடு சைட் ஆகிவிட்டது. நான் முதன்முதலில் பார்த்த அந்தப் புறம்போக்கு ஆவாரையும் ரோடு அகலப்படுத்தியதில் போய்விட்டது.

அதனால் இப்போதெல்லாம் போகியன்று காப்புக்கட்ட ஆவாரை தேடி எங்கள் வேலிக்குத்தான் வருகிறார்கள். பிள்ளைகள் விடியும் முன்பே வந்து கேட்டைத் தட்டும். பூளைப்பூவும் வேப்பிலையும் கையில் இருக்கும், ஆவாரை மட்டும் இருக்காது. வேலியின் தெற்குப் பாதியை ஒடித்துக்கொள்ளச் சொல்வேன். வடக்குப் பாதியில் கை வைக்க விடமாட்டேன், அது விதைக்கு. மாசியில் காய் சலசலக்கத் தொடங்கியதும் பறித்து, பொடிவண்டு துளைத்த விதைகளைத் தள்ளிவிட்டு, நல்லதை நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டுவைக்கிறேன். போன மாசியில் ஒன்றரைப் படி கிடைத்தது. “இது தேறாதுங்க” என்று சொன்ன அக்கா ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு போனார். வெந்நீர் எவ்வளவு சூடு என்று கேட்க அன்று மாலையே திரும்பி வந்தார்.